சிறையிலிருந்து சூரியனை அளந்தவர்

தலைமன்னார்க் கரையிலே நின்று மேற்கே நோக்குவோர், வானம் தெளிந்த நாளிலே கடலின் நடுவே வெண்மணல் தீடைகள் தலைகாட்டி நிற்பதைக் காண்பர். தனுஷ்கோடி வரை தொடரும் இத்தீடைகளை நம் முன்னோர் சேது எனப் போற்றினர். மேனாட்டார் தம் தேசப்படங்களிலே ஆதாமின் பாலம் எனக் குறித்தனர். ஓராள் ஆழமும் இல்லாத இடங்கள் அங்கே உண்டு. வடக்கே பாக்கு நீரிணையிலும் பெரும்பகுதி 15 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையதன்று. இக்கடல் என்றும் இப்படியே இருந்ததா என்ற கேள்வி சிறுபிராயத்திலிருந்தே நம் மனத்தில் உண்டு. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே பூமிசாத்திரம் படிப்பித்த ஆசிரியர், இது ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்று மட்டும் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஏன் தரையாக இருந்தது என்பதற்கு விடை தேடியபோது, பல்கலைக்கழக நூலகத்திலே ஒரு பெயர் நமக்குக் கிடைத்தது. மிலுட்டின் மிலன்கோவிச் என்பதே அப்பெயர்.

ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவருடைய வாழ்க்கையைச் சுருக்கி எழுதித் தருமாறு நம்மைப் பணித்த அன்பர்கள், சமய குரவர் ஒருவரையோ ஈழத்துப் பேரறிஞர் ஒருவரையோ எதிர்பார்த்திருப்பர். நாம் தெரிந்தெடுத்தவரோ சேர்பிய இனத்துக் கணிதப் பேராசிரியர். இலங்கைக் கரையை ஒருபோதும் மிதியாதவர். ஆயினும் மன்னார் எப்போது தீவாக இருந்தது, எப்போது தீவாக இருக்கவில்லை என்ற கணக்கின் முதல் வரியை எழுதியவர் அவரே. மூத்தோர் பொறுத்தருள்வாராக.

இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகத்துக் கடல்மட்டம் இப்போதுள்ளதிலும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. வட அமெரிக்காவின் வடபாதியையும் ஐரோப்பாவின் வடபகுதியையும் கிலோமீற்றர்க் கணக்கிலே தடித்த பனிக்கட்டி மூடியிருந்தது. கடலிலிருந்து ஆவியாகிச் சென்ற நீர், மழையாகித் திரும்பாமல் அங்கே உறைந்து கிடந்தது. 120 மீற்றர் இறங்கிய கடலுக்கு முன் நம்முடைய 15 மீற்றர் எம்மாத்திரம்? பாக்கு நீரிணை வெறுந்தரை. மன்னார் அன்று தீவன்று. பெருவெளி ஒன்றின் நடுவே ஒரு மணல்மேடு. இங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். அந்தப் பனிக்கட்டி ஏன் வளர்ந்தது, ஏன் உருகியது என்பதே மிலன்கோவிச் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர் 1879 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் தேதி, டானியூப் நதிக்கரையிலுள்ள டால் என்னும் சிற்றூரில், தமக்கென ஓர் இரட்டைச் சகோதரியுடன் பிறந்தார். அவ்வூர் அன்று அவுஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குட்பட்டது. இன்று குரோஷியாவில் இருக்கிறது. குடும்பம் வசதியானதே. ஆனால் தந்தையார் இவருடைய எட்டாவது வயதிலே காலமானார். தம்பியர் மூவரும் சிறுவயதிலேயே காசநோய்க்கு இரையாயினர். மிலுட்டினும் மெலிந்த உடம்பினர். ஆதலால் தொடக்கக் கல்வி வீட்டிலேயே நடந்தது. பின்னர் ஒசியெக் நகரத்து உயர்தரப் பாடசாலையிற் பயின்று, 1896 இல் வியன்னா சென்று கட்டட எந்திரவியல் கற்றார். 1904 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அடுத்த சில ஆண்டுகள் வியன்னாவிலே கொங்கிறீற்று வேலையிற் கழிந்தன. இரும்புக் கம்பி பதித்த கொங்கிறீற்று அப்போது புதிது. அணைகளும் பாலங்களும் நீர்க்குழாய்களும் அமைப்பதிலே அவர் பெயர் பெற்றார், காப்புரிமைகளும் அவருக்கிருந்தன. இப்படிப்பட்ட ஒருவர் 1909 இல் வியன்னாவையும் அதன் வருமானத்தையும் விட்டு, பெல்கிறேட் பல்கலைக்கழகத்திலே குறைந்த சம்பளத்துக்குப் பிரயோக கணிதம் கற்பிக்கப் போனார். அவருடைய வாழ்விலே நம்மை முதலிற் கவர்ந்த இடம் இதுவே. உத்தியோகமும் ஊதியமுமே படிப்பின் பயன் என்று வீடுதோறும் போதிக்கப்படும் நம் ஊரில், இந்த முடிவை எந்தத் தாய்தந்தையர் ஏற்றுக்கொள்வர் என்று எண்ணிப் பார்த்தோம்.

அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்ன கதை ஒன்றுண்டு. கவிஞரான நண்பர் ஒருவருடைய தேசபக்திப் பாடல்கள் அச்சேறின. பக்கத்து மேசையிலிருந்த வங்கிக்காரர் அவற்றிலே மயங்கிப் பத்துப் பிரதிகளை அங்கேயே வாங்கிவிட்டார். அந்த மகிழ்ச்சியிலே நண்பர் இருவரும் திராட்சை மதுப்போத்தலைத் திறந்தனர். மூன்றாவது போத்தலிலே, கவிஞர் மகாகாவியம் ஒன்று பாடுவதாகவும், பேராசிரியர் பிரபஞ்சம் முழுவதையும் கணக்கில் அடக்குவதாகவும் சபதம் செய்தனராம். மதுவிலக்குப் பேசும் சங்கத்தின் மலரிலே இதை எழுதத் தயங்கினோம். ஆயினும் நடந்ததை மறைப்பதற்கில்லை. கவிஞருடைய காவியம் என்னவாயிற்று என்பதை நாம் அறியோம். பேராசிரியர் சபதத்தை மறக்கவில்லை.

அவர் எடுத்த வேலை இதுதான்: பூமியின் எந்த அகலக்கோட்டிலும், எந்தப் பருவத்திலும், கடந்த பல இலட்சம் ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் எவ்வளவு சூரிய ஒளி விழுந்தது என்பதைக் கணிதத்தால் மாத்திரம் காண்பது. இது ஆண்டுக்காண்டு ஒன்றாயிருப்பதில்லை. ஏனெனில் பூமியின் கதியிலே மூன்று மாற்றங்கள் மிக மெதுவாக நிகழ்கின்றன.

சூரியனைச் சுற்றும் பாதை சில காலம் ஏறக்குறைய வட்டமாகவும், சில காலம் சற்று நீண்ட வட்டமாகவும் மாறுகிறது. அதற்குச் சுமார் 100,000 ஆண்டு. பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் அளவு 22 பாகைக்கும் 24½ பாகைக்கும் இடையே கூடிக் குறைகிறது. அதற்குச் சுமார் 41,000 ஆண்டு. மூன்றாவது மாற்றம் பஞ்சாங்கம் பார்க்கும் நம் பெரியோருக்குப் புதிதன்று. இரவும் பகலும் சமமாகும் நாள் பங்குனி மாதத்திலே, மார்ச் 20 அல்லது 21 இல் வருகிறது; நம் சித்திரைப் புத்தாண்டோ ஏப்பிரல் 14 இல் வருகிறது. இடையிலுள்ள 24 நாள் எங்கிருந்து வந்தது? சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. சுழலும் பம்பரத்தின் தலை மெதுவாக வட்டமிடுவது போலப் பூமியின் அச்சும் வட்டமிடுவதால், 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் சமநாள் விலகிக்கொண்டே வந்திருக்கிறது. பஞ்சாங்கத்திலே அயனாம்சம் என்று போடப்படும் எண் இதுவே. இவ்வட்டம் ஒரு முறை முற்றுப்பெற 26,000 ஆண்டு செல்லும். பாதையும் கூடவே திரும்புவதால், பருவங்களின் மேல் இதன் விளைவு 23,000, 19,000 ஆண்டு அளவிலே வெளிப்படுகிறது.

இதனால் என்ன நேரும்? பூமி சூரியனை மிக அணுகும் நாள் இப்போது சனவரி முதல் வாரத்தில் வருகிறது. மார்கழி விடியலிலே குளிரில் நடுங்கித் திருவெம்பாவை பாடச் செல்கிறோமே, அப்போதுதான் சூரியன் நமக்கு ஆண்டிலே மிக அருகில் நிற்கிறான். ஆடி மாதத்து வெயிலிலோ அவன் ஏறக்குறைய 50 இலட்சம் கிலோமீற்றர் அப்பாற்பட்டிருக்கிறான். 11,000 ஆண்டுகளுக்கு முன் இது தலைகீழாக இருந்தது. ஓராண்டில் பூமி முழுவதும் பெறும் ஒளி இவற்றால் அதிகம் மாறுவதில்லை. எந்தப் பருவத்தில், எந்த இடத்துக்கு எவ்வளவு என்ற பங்கீடுதான் மாறுகிறது.

இவ்வெண்ணத்துக்கு மிலன்கோவிச் முதல்வர் அல்லர். ஸ்கொட்லாந்திலே ஜேம்ஸ் குறோல் என்பவர் அவருக்கு முன்னரே இவ்வழியிற் சென்றவர். கிளாஸ்கோ நகரத்துக் கலாசாலை ஒன்றின் நூதனசாலையிலே காவற்பணி பார்த்துக்கொண்டே அங்கிருந்த நூல்களைத் தாமாகக் கற்று, 1876 இல் றோயல் சங்கத்து உறுப்பினரான ஏழை அவர். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். குளிர்காலம் கடுமையானாற் பனிக்கட்டி வளரும் என்று அவர் எண்ணினார். அவர் சொன்ன காலங்கள் நிலத்திலுள்ள தடயங்களோடு பொருந்தவில்லை. உலகம் அவரை மறந்தது.

1912 இல் பால்கன் யுத்தம் வந்தது. மிலன்கோவிச் படையிற் பணியாற்றித் திரும்பினார். 1914 ஜூன் மாதத்திலே கிறிஸ்தினா என்னும் பெண்ணை மணந்து, புதுமணத் தம்பதிகளாகத் தம் பிறந்த ஊராகிய டாலுக்குச் சென்றார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் இங்கே பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. நம் கடல் சுருங்கி இரு கரைகளும் நெருங்கிய அதே ஆண்டிலே, ஐரோப்பாவில் ஓர் எல்லைக்கோடு கடலினும் பெரிதாகிவிட்டது. மிலன்கோவிச் சேர்பியப் பிரசை. நின்றதோ அவுஸ்திரிய மண்ணில். யுத்தம் மூண்டதும் பகைநாட்டவர் எனக் கைதுசெய்யப்பட்டு, தாம் பள்ளிப் பிள்ளையாய்ப் படித்த அதே ஒசியெக் நகரின் கோட்டையிலே அடைக்கப்பட்டார்.

கதவு பூட்டப்பட்ட முதல் நாள் அவர் செய்தது வியப்புக்குரியது. பெட்டியைத் திறந்தார்; தம்முடைய கணக்குத் தாள்கள் உள்ளே இருந்தன. அவற்றை விரித்துத் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். நள்ளிரவில் நிமிர்ந்து பார்த்தபோது, தாம் எங்கே இருக்கிறோம் என்பது உடனே அவருக்கு விளங்கவில்லையாம்.

கிறிஸ்தினா வெளியிலே சும்மா இருக்கவில்லை. வியன்னாவுக்குச் சென்று, கணவருக்குக் கற்பித்த பேராசிரியர் சூபரிடம் முறையிட்டார். அவருடைய பரிந்துரையால் மிலன்கோவிச் அவ்வாண்டு முடிவிலே புடாபெஸ்ட் நகருக்கு மாற்றப்பட்டார். நகரைவிட்டு நீங்கக்கூடாது, குறித்த நாட்களிலே பொலிசில் ஒப்பமிட வேண்டும், மற்றப்படி தடையில்லை. ஹங்கேரிய விஞ்ஞானக் கழகத்தின் நூலகத்தார் பகைநாட்டுக் கைதிக்குக் கதவைத் திறந்து, மேசை ஒன்றையும் கொடுத்தனர். நான்கு ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தார். பூமியோடு நில்லாமல் செவ்வாய்க் கிரகத்தின் உஷ்ணநிலையையும் கணக்கிட்டார். 1919 இல் மனைவியோடும் யுத்தகாலத்திலே பிறந்த மகனோடும் பெல்கிறேட் திரும்பினார். மறுவருஷம் அவருடைய நூல் பிரெஞ்சு மொழியிலே பாரிஸ் நகரில் வெளியாயிற்று.

அந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் ஜெர்மனியிலிருந்த கோப்பன். உயர்தர வகுப்பிலே பூமிசாத்திரம் எடுத்த நம் தோழர்கள், கோப்பனின் காலநிலைப் பாகுபாட்டை மனனஞ் செய்து வருந்தியிருப்பர்; அவரே இவர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெக்னர் இவருடைய மருமகன். குறோல் தவறிய இடத்தைக் கோப்பன் திருத்தினார். வடதுருவத்தை அடுத்த நாடுகளிலே குளிர்காலம் எப்படியும் குளிராகவே இருக்கும். பனி எப்படியும் விழும். விழுந்த பனி கோடையிலே உருகுகிறதா, எஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. எஞ்சினால் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஆகவே கோடை ஒளியையே கணிக்க வேண்டும் என்றார். மிலன்கோவிச் அதை ஏற்று, வடக்கு 55, 60, 65 பாகை அகலக்கோடுகளின் கோடை ஒளியைக் கடந்த ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குக் கணக்கிட்டார். காலை முதல் இரவு வரை நூறு நாள் உழைத்தார். கையினாலேயே போட்ட கணக்கு. அவர் வரைந்த கோடுகள் 1924 இல் கோப்பனும் வெக்னரும் எழுதிய நூலில் வெளிவந்தன.

இடையிலே ஒரு சிறு செய்தி. வாக்கியமா, திருக்கணிதமா என்று பண்டிகை நாளுக்கு நாள் வாதாடும் நமக்கு இது பயன்படும். 1923 இல் கீழைத் திருச்சபைகள் கொன்ஸ்தாந்திநோப்பிளிலே கூடித் தம் பழைய நாட்காட்டியைத் திருத்த முயன்றன. புதிய கணக்கை ஆக்கிக் கொடுத்தவர் மிலன்கோவிச். அது இன்று உலகம் கைக்கொள்ளும் கிறெகரியின் கணக்கிலும் நுட்பமானது. இரண்டும் முதன்முறை வேறுபடுவது 2800 ஆம் ஆண்டிலேயே. சில திருச்சபைகள் அதை ஏற்றன. அவருடைய சொந்தச் சேர்பியத் திருச்சபை இன்றுவரை பழையதையே பின்பற்றுகிறது.

முப்பது ஆண்டு உழைப்பையும் ஒரே நூலாகத் தொகுத்து, ஜெர்மன் மொழியில் எழுதி, பூமி பெறும் ஒளியின் நியதி என்ற கருத்துப்படப் பெயரிட்டு அச்சுக்குக் கொடுத்தார். 1941 ஏப்பிரல் 2 ஆந் தேதி அச்சு வேலை முடிந்தது. 6 ஆந் தேதி ஜெர்மானிய விமானங்கள் பெல்கிறேட்மீது குண்டு பொழிந்தன. அச்சகம் அழிந்தது. அன்றே சேர்பியத் தேசிய நூலகமும் எரிந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மூத்தோருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நல்லூழாக, நூலின் அச்சிட்ட தாள்களிற் பெரும்பகுதி வேறோரிடத்துக் களஞ்சியத்தில் இருந்தமையால் தப்பிற்று. இறுதித் தாள்களை மாத்திரம் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

தாள்கள் தப்பின, கொள்கை தப்புமா என்பது அடுத்த சந்தேகமாயிற்று. 1950 களில் மரத்துண்டுகளின் வயதைக் காபன் கொண்டு அளக்கும் புதிய முறை வந்தது. அம்முறையாற் கிடைத்த சில காலங்கள் மிலன்கோவிச்சின் கோட்டோடு முரண்பட்டன. அறிஞர் பலர் அவரைக் கைவிட்டனர். 1958 டிசம்பர் 12 ஆந் தேதி, 79 ஆவது வயதிலே, பெல்கிறேட் நகரில் அவர் காலமானார். அன்று அவர் கொள்கையை நம்பியவர் சிலரே.

அவருக்குச் சாட்சி சொன்னது கடலின் அடிச்சேறு. அதை எடுக்கும் முறை எளிது: கப்பலிலிருந்து நீண்ட உருக்குக் குழாயை இறக்கி, அடித்தளத்திலே குத்தி, சேற்றை அப்படியே தூண்போல மேலே எடுப்பர். ஆழ்கடலிலே ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவே சேறு படியும். அதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு ஓடுகள் நிறைந்திருக்கும். போரமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அவை. சங்கு குளிக்கும் நம் ஊரவர்க்கு ஓட்டின் அருமையைச் சொல்ல வேண்டுமா? ஒட்சிசனிலே இலேசானதும் பாரமானதும் உண்டு. நீர் குளிர்ந்தால் ஓட்டிலே பாரமான ஒட்சிசன் சற்று அதிகம் சேரும். மேலும், இலேசான ஒட்சிசனைக் கொண்ட நீரே எளிதில் ஆவியாகிப் பனிக்கட்டியிற் சிக்குவதால், பனிக்கட்டிக் காலத்துக் கடல்நீரும் பாரமானதாக இருக்கும். 1955 இல் எமிலியானி என்பவர் கரிபியன் கடல் முதலியவற்றின் சேற்றில் இதை அளந்து, வெப்பமண்டலக் கடலின் பழைய உஷ்ணநிலையைக் கண்டதாகக் கூறினார். மிலன்கோவிச்சுக்கு ஆதரவாகவும் பேசினார். அந்த அளவு பெரும்பாலும் உஷ்ணத்தையன்று, பனிக்கட்டியின் பருமனையே காட்டுகிறது என 1967 இல் சாக்கிள்டன் என்ற ஆங்கிலேயர் திருத்தினார்.

1976 இல் ஹேய்ஸ், இம்பிரி, சாக்கிள்டன் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரையே தீர்ப்பாயிற்று. அவர்கள் எடுத்த இரு சேற்றுத் தூண்களும் நம் இந்து சமுத்திரத்தின் தென்பாகத்தைச் சேர்ந்தவை. ஒட்சிசனையும், நுண்ணுயிர் வகைகளிலிருந்து கணித்த கடல்மேற்பரப்பின் கோடை உஷ்ணத்தையும் 450,000 ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய 100,000, 41,000, 23,000, 19,000 ஆண்டுத் தாளங்கள் அதில் ஒலித்தன. ஒசியெக் சிறையிலும் புடாபெஸ்ட் மேசையிலும் கணித்த அதே தாளங்கள். அவர் மறைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெப்பமண்டலக் கடலின் உஷ்ணநிலை வழக்கு மட்டும் மேலும் நீண்டது. பனிக்கட்டிக் காலத்திலும் நம்போன்ற நாடுகளின் கடல் பெரிதாகக் குளிரவில்லை என்று முதலிற் சொன்னார்கள். பாபடோஸ் தீவின் பழைய பவளப்பாறைகளை 1994 இல் ஆராய்ந்தவர்களோ 5 பாகை குளிர்ந்ததென்றார்கள். ஓடுகளிலுள்ள மகனீசியத்தின் பங்கு நீரின் சூட்டோடு கூடுவதையும், பாசி வகை ஒன்றின் கொழுப்பு உஷ்ணத்துக்கேற்ப மாறுவதையும் கொண்டு அளந்தபின், 20,000 ஆண்டுகளுக்கு முன் வெப்பமண்டலக் கடல் இன்றையிலும் சராசரி 2 முதல் 3 பாகை வரை குளிர்ந்திருந்தது என்ற அளவிலே கருத்து நெருங்கி வந்திருக்கிறது. பனிக்கட்டிக்கு இத்தனை தூரத்திலுள்ள கடல் ஏன் குளிர வேண்டும்? வானிலுள்ள காபனீரொட்சைட்டு அக்காலத்திலே குறைந்திருந்ததே பெருங்காரணம். மிலன்கோவிச் இவ்வாயுவைத் தம் கணக்கிலே சேர்க்கவில்லை. அது அவருடைய குறை. 100,000 ஆண்டுத் தாளம் அவர் கணக்கிலே மெலிந்தும் சேற்றிலே வலுத்தும் இருப்பது ஏன் என்பதும் இன்னும் முற்றாக அவிழாத முடிச்சு. அவர் கொள்கையை வேதவாக்காகக் கொள்வோருக்காகவே இதைச் சொல்லுகிறோம்.

பருவக்காற்றைப் பற்றி 1981 இல் குட்ஸ்பாக் என்ற அமெரிக்கர் காட்டியது நமக்கு நேரே உரியது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், வடபாதியின் கோடையிலே சூரியன் அருகிலிருந்தமையால் ஆசியத் தரை அதிகம் சுட்டது. சோளகக் காற்று இன்றையிலும் வலுவாக வீசி இந்தியாவுக்கு மிகுந்த மழை கொணர்ந்தது. அக்காலத்திலேயே கடலும் ஏறிவந்து, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிற்று. மன்னார் தீவாயிற்று.

இனியும் இச்சக்கரம்தான் சுழல்கிறது, நாம் செய்வது ஒன்றுமில்லை என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். கணக்கு அதற்கு இடந்தரவில்லை. பூமியின் கதி நூறு ஆண்டிலே காட்டும் மாற்றம் மிகச் சிறியது. யந்திரத் தொழிலுக்கு முன் பத்துலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. இதைச் செய்தது சூரியனுமன்று, பம்பரமுமன்று. மன்னார் வளைகுடாவின் பவளப் பார்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலே கடற்சூடு தாங்காமல் வெளுத்தன. 1964 டிசம்பரில் புயலலை தனுஷ்கோடியைக் கொண்டுபோனதை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாழ்ந்த மணற்கரையில் வாழ்வோருக்குக் கடல் ஓர் அடி உயர்ந்தாலும் கணக்கு வேறு.

மிலன்கோவிச்சின் பெருநூல் 1969 இல் ஆங்கிலத்தில் வந்தது. சந்திரனிலும் செவ்வாயிலும் குழிகள் சிலவற்றுக்கு அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது. அவருடைய உடல் டானியூப் கரையிலே, டால் ஊரிலுள்ள குடும்பக் கல்லறையில் இருக்கிறது. 1914 இல் புதுமனைவியோடு அவர் போயிருந்த அந்தப் பிறந்த வீடு இப்போது அவர் பெயரால் ஒரு பண்பாட்டு நிலையமாக விளங்குகிறது.